ஓதம் வற்றும் ஆற்றங்கரையில் ஒரு பகல்

கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆற்றங்கரையில் படம் வரையப் போகிறவர்கள், வெயிலைப் பார்ப்பதற்கு முன்னால் ஓத அட்டவணையைப் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் கரை தொட்டு நிற்கும்போது சேற்றுப் பறவைகளுக்கு இரை தேட இடமிருக்காது. எங்காவது மேட்டில் ஒதுங்கிவிடும். நான் போனது பௌர்ணமிக்கு மறுநாள். அந்த நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

விடியும்போது ஆறு நிறைந்து கிடந்தது. முதல் ஒரு மணி நேரம் நீர்மட்டம் அவ்வளவாக மாறவில்லை. அதற்குள் எதிர்க்கரை மரங்களை முடித்துவிட்டேன். அப்புறம் மளமளவென்று இறங்கியது. ஈரக் காற்றில் வாட்டர்கலர் சீக்கிரம் காயாது. ஒரு பூச்சு காய்வதற்குள் கரையோரம் வேறாகிவிடும். அதனால் நீர்க்கோட்டை ஓரிடத்தில் முடிவு செய்து அதிலேயே நின்றுவிட்டேன். சேற்றுக்கு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் போதும். கலவையில் நீலம் சற்றுத் தூக்கலாக இருந்தால் ஈரச் சேறு, பழுப்பு தூக்கலாக இருந்தால் காய்ந்த சேறு.

சேறு தெரிந்ததும் சின்னக் கொக்கு ஒன்று இறங்கியது. கறுப்புக் கால், மஞ்சள் பாதம். ஒரு காலை முன்னே நீட்டிச் சேற்றைக் கலக்கும். கலங்கி ஓடுவதைச் சட்டென்று கொத்தும். வெள்ளைப் பறவைதானே என்று காகிதத்தை அப்படியே விட்டுவிட முடியாது. சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால். மின்னுகிற சேற்றுக்கு முன்னால் கொக்கு நீலச் சாம்பலாகத் தெரிந்தது. கழுத்து விளிம்பில் மட்டும் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டை மிச்சம் வைத்து உடலுக்கு நிழல் நிறம் கொடுத்ததும் உயிர் வந்துவிட்டது. எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

கோட்டானுக்கு (ஆந்தை இல்லை, கர்லூ என்கிற கரைப்பறவை) இறகு வரைய வேண்டாம். கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகும், அதைச் சேற்றுக்குள் செருகும்போது தோள் சாயும் விதமும் சரியாக வந்தால் போதும். நெருங்கிப் போய்ப் பார்க்கவும் கூடாது. வெகுதூரம் வலசை வரும் பறவை அது. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதன் இரை நேரம் வீணாகிறது. பைனாகுலர் எதற்கு இருக்கிறது?

வற்றம் முடிந்ததும் மூட்டை கட்டிவிடாதீர்கள். ஏற்றத்தில் தண்ணீரே பறவைகளைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் பென்சில் ஸ்கெட்சுக்கு அதுதான் நல்ல நேரம். இன்னொரு நாள் தங்க முடிந்தால் இன்னும் நல்லது. இதே நீர்மட்டம் மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும், நிழல்கள் மாறியிருக்கும்.