மல்பெக்கும் மீன் குழம்பும்

பாரிஸில் இருந்து வந்த மச்சான் ஒரு போத்தல் சிவப்பு வைனைக் கொண்டுவந்து திருகோணமலை உப்புவெளி வீட்டு மேசையில் வைத்தார். மல்பெக் என்ற திராட்சையில் செய்தது. பிரான்ஸ் வைனாக்கும் என்று பார்த்தால், லேபிளில் ஆர்ஜென்டினா, மெண்டோசா.

திராட்சை என்னவோ பிரான்ஸின் கஹோர் பக்கத்துச் சரக்குத்தான். 1853 வாக்கில் மிஷேல் பூஜே என்ற பிரெஞ்சுக்காரர் அதை ஆர்ஜென்டினாவில் நட வைத்தார். மெண்டோசா அண்டீஸ் அடிவாரத்தில் வறண்ட இடம். மலைப்பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்காலில் விட்டே தோட்டங்கள் பிழைக்கின்றன. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். பழமும் இனிக்கும், புளிப்பும் தங்கும்.

சரி, சாப்பாடு. சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்கச் சொன்னவர்கள் திருகோணமலை அறையைக் கண்டதில்லை. 17 பாகை செல்சியஸ் போதும் என்பதால் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தோம். முதலில் கணவாய்ப் பிரட்டலோடு குடித்தேன். உறைப்பு இரண்டு மடங்காகிவிட்டது. சூரைக் குழம்போடு இன்னும் மோசம், தகரத்தை நக்கின மாதிரி. வைனில் இருக்கும் இரும்பும் மீன் கொழுப்பும் சேர்ந்தால் அப்படித்தானாம்.

அப்புறம் அம்மா, கறிக்கு வைத்த ஆட்டிறைச்சியில் கொஞ்சம் எடுத்து, மிளகும் உப்பும் மட்டும் போட்டு வாட்டித் தந்தார். கொழுப்போரம் கருகின துண்டு ஒன்று, மேலே ஒரு மிடறு. வைனின் துவர்ப்பு போன இடம் தெரியவில்லை!

அப்பா எட்டிப் பார்த்து ஒரு வாய் குடித்தார். "பனங்கள்ளு இதைவிடத் திறம்" என்றுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.