கொக்கு காட்டிய வெந்நீர்: டோகோவில் இரண்டு காலைகள்

காலை ஐந்தே முக்கால். நவம்பர் குளிர். ஆளுக்கொரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு, இன்னும் விடியாத தெருவில் நானும் கணவரும் வரிசையில் நிற்கிறோம். எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கையில் சோப்பும் சீப்பும் போட்ட பிளாஸ்டிக் கூடை, முகத்தில் இன்னும் கலையாத தூக்கம். சரியாக ஆறு மணிக்கு, கூரை உச்சியில் சிவப்புக் கண்ணாடி பதித்த சின்ன மாடத்திலிருந்து முரசு அதிர்ந்தது. கதவு திறந்தது.

ஜப்பானின் ஷிகோகு தீவில், மட்சுயாமா நகரத்தில் இருக்கிறது டோகோ வெந்நீர் ஊற்று. ஹிரோஷிமா துறைமுகத்திலிருந்து வேகப்படகு, அப்புறம் டிராம் என்று வந்து சேர்ந்தோம். ஊற்றுக்கு மூவாயிரம் ஆண்டு வயது என்கிறார்கள். காலில் அடிபட்ட வெண்கொக்கு ஒன்று, பாறை இடுக்கில் ஊறிய வெந்நீரில் தினமும் வந்து காலை நனைத்ததாம். புண் ஆறிப் பறந்துபோனதாம். அதைப் பார்த்துத்தான் மக்களும் இறங்கிக் குளிக்க ஆரம்பித்தார்கள் என்பது கதை. முரசு மாடத்தின் மேல் இன்றும் ஒரு கொக்குச் சிலை நிற்கிறது.

இப்போது இருக்கும் மூன்று மாடி மரக்கட்டடம் 1894இல் எழுந்தது. அன்றைய ஊர்த்தலைவர் இசானிவா யுகியா இதைக் கட்ட முனைந்தபோது, இவ்வளவு செலவா என்று ஊரே எதிர்த்திருக்கிறது. நூறு ஆண்டு போனாலும் வேறு எந்த ஊரும் இப்படி ஒன்றைக் கட்ட முடியாதபடி கட்டினால்தான் அர்த்தம் உண்டு என்று அவர் பிடிவாதமாக நின்றாராம். கோட்டை வேலை தெரிந்த தச்சர் சகாமோட்டோ மதஹச்சிரோவிடம் பணியை ஒப்படைத்தார். சரியாக நூறாவது ஆண்டில், 1994இல், அரசு இதை முக்கியப் பண்பாட்டுச் சின்னமாக அறிவித்தது. கூரைக்கு மேல் கூரையாக அடுக்கிய அந்தக் கட்டடத்தை எதிரில் நின்று பார்த்தபோது, அந்த மனிதரின் பிடிவாதத்துக்கு மனசார நன்றி சொன்னேன்.

ஆனால் நான் இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் கட்டடத்தின் வயது இல்லை, அதைப் பழுதுபார்த்த விதம். 2019 ஜனவரியில் தொடங்கிய மராமத்து ஐந்தரை ஆண்டு நடந்தது. 2024 ஜூலை 11 அன்றுதான் முழுவதுமாகத் திறந்தார்கள். அத்தனை காலமும் குளியல் தொடர்ந்தது. ஒரு பக்கம் உத்தரத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள், இன்னொரு பக்கம் ஊர் ஜனங்கள் வெந்நீரில் உட்கார்ந்திருப்பார்கள். பழைய கட்டடம் என்றாலே பூட்டுப் போட்டு, கம்பி வேலி அடித்து, வெளியே ஒரு பலகை நடுவதைப் பார்த்தே பழகிய எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

சாரத்தை மூடிய திரையையும் அவர்கள் வீணாக்கவில்லை. 2021 டிசம்பரில் ஓவியர் ஓட்டாகே ஷின்ரோவின் படைப்பு ஒன்று கட்டடத்தையே போர்த்தியது. அவர் வெளியூர்க்காரர் இல்லை, இதே எஹிமே மாநிலத்தில் உவாஜிமாவில் குடியிருப்பவர். காகிதங்களைக் கையால் கிழித்து ஒட்டிய படத்தைப் பெரிதாக்கி, அந்தத் திரையில் கொண்டுவந்தார். நாங்கள் போனபோது அது இறங்கிவிட்டது. புகைப்படத்தில் பார்த்தாலே கிழிந்த காகிதத்தின் விளிம்பு தெரிகிறது. ஒரு வருடம் முன்னால் வந்திருக்கலாமே என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

கலைஞர்கள் இங்கே வருவது புதிதில்லை. 2014இல் நடந்த கலைவிழாவில் நகாயா ஃபுஜிகோ இந்தக் கட்டடத்தைச் செயற்கைப் பனிமூட்டத்துக்குள் நிறுத்தினார். மராமத்து நடந்த காலத்தில் படைப்பாளிகளை இங்குள்ள விடுதிகளில் தங்கவைத்தார்கள். குளித்து, ஊரைச் சுற்றி, மனசில் பட்டதைப் படைப்பதுதான் அவர்கள் வேலை. நல்ல ஏற்பாடு. கொஞ்சம் தள்ளி, 2017இல் திறந்த அசுகா-நோ-யு என்ற புதுக் குளியலகத்திலும் டோபே பீங்கான், இமாபரி துண்டு நெசவு என்று இந்த மண்ணின் கைவேலைகளையே சுவர்களில் வைத்திருக்கிறார்கள்.

சரி, குளியலுக்கு வருகிறேன். நாங்கள் போனது பழைய கட்டடத்தில் உள்ள கமி-நோ-யு, அதாவது கடவுளின் நீர். குளியலுக்கு மட்டும் கட்டணம் 700 யென். ஆண்கள், பெண்களுக்குத் தனித்தனி இடம். ஆனால் உள்ளே துணி கிடையாது. உடை மாற்றும் அறையில் துண்டை இறுகப் பிடித்தபடி நின்றுவிட்டேன். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் என் தயக்கத்தைப் பார்த்துவிட்டு, வா என்று கையசைத்தார். முதலில் ஒரு சின்ன முக்காலியில் உட்காரவைத்து, உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவச் சைகை காட்டினார். அப்புறம் என் துண்டை நாலாக மடித்துத் தலையில் வைத்துவிட்டார். துண்டு தண்ணீரில் படக்கூடாது. அதற்குப் பிறகு கூச்சம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

தொட்டியின் சுவர் கல். நான் நினைத்ததைவிட ஆழம். ஒரு பக்கம் பெரிய கல் கொப்பரையிலிருந்து நீர் கொட்டுகிறது. பல ஊற்றுகளின் நீரை ஒன்றோடொன்று விளாவியே 42 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். காய்ச்சுவதும் இல்லை, பச்சைத் தண்ணீர் சேர்ப்பதும் இல்லை. கந்தக வாடையும் இல்லை. கையைத் தேய்த்தால் சீயக்காய் அலசிய முடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. சுவரில் பதித்த டோபே பீங்கானில் வெண்கொக்குகள். முதல் நிமிடம் சுட்டது, இரண்டாம் நிமிடத்தில் தோள் தளர்ந்தது. "அத்சுய்?" என்றார் பாட்டி. சுடுகிறதா என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினேன்.

மேலே பாய் விரித்த கூடத்தில், யுகாதா என்ற பருத்தி அங்கி உடுத்தி, அரக்குத் தட்டில் வந்த தேநீரைக் குடித்தபடி கணவருக்காகக் காத்திருந்தேன். சன்னல் திறந்திருந்தது. கீழே தெருவில் மரச்செருப்புச் சத்தம்.

மறுநாளும் அதே ஆறு மணி, அதே முரசு. பாட்டி எனக்கு முன்பே தொட்டியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து, கொப்பரைப் பக்கமாக இடம் விட்டார்.