வால் கூண்டைப் பெயர்த்து மறுபடி ஒட்டினேன்

இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டரை 1:72 அளவில் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். இறக்கை முனைக்கு முனை 43 செ.மீ.; மேசையில் வேறெதற்கும் இடமில்லை. செய்வது கனடாவின் மால்ட்டனில் கட்டப்பட்ட கேபி726. ஆண்ட்ரூ மைனார்ஸ்கி கடைசியாகப் பறந்த விமானம்.

மைனார்ஸ்கி, வின்னிபெக்கில் போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. தோல் வெட்டும் வேலை பார்த்தவர், 1941-ல் ராயல் கனேடிய விமானப்படையில் சேர்ந்தார். 419-வது ஸ்குவாட்ரனில் (படைப்பிரிவில்) முதுகுக் கூண்டுத் துப்பாக்கிவீரர்; கூண்டு என்பது துப்பாக்கியோடு சுழலும் கண்ணாடி அறை. பாட் புரோஃபி வால் கூண்டில்.

போன வாரம் வால் கூண்டை நேராகப் பின்னோக்கி ஒட்டிவிட்டேன். எல்லா மாடலிலும் அப்படித்தான் வைப்பார்கள். அப்புறம்தான் உறைத்தது: கூண்டு நேராக இருந்தால் அதன் கதவு விமானத்துக்குள் திறக்கும், புரோஃபி தப்பியிருப்பார். 1944 ஜூன் 12 இரவு, வட பிரான்சின் காம்ப்ரே ரயில் யார்டைத் தாக்கப் போகையில் ஜெர்மன் இரவுப் போர் விமானம் சுட்டதில் இடப்பக்க எஞ்சின் இரண்டும் நின்றன. கூண்டைத் திருப்பும் எண்ணெய் அழுத்தமும் போயிற்று. பாதி திரும்பிய நிலையில் கூண்டு சிக்கியது. கையால் சுழற்றும் பிடியும் உடைந்தது.

சரி, பெயர்த்துவிடலாம் என்று மெல்லிய கத்தியால் சுரண்டினேன். ஒரு துப்பாக்கிக் குழல் முறிந்தது. சூப்பர் க்ளூ வைத்தேன். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெளுத்துப் போனது. மெழுகுபோல் வழவழவென்று வரும்வரை தேய்த்தேன். இந்த முறை வெள்ளைப் பசை, கூண்டு சற்றே திரும்பியபடி.

அடுத்து வலப்பக்கப் பின்வாசலை வெட்டித் திறந்தேன். குதிக்கப் போன மைனார்ஸ்கி நண்பரைப் பார்த்துத் திரும்பியது அங்கிருந்துதான். வாசலிலிருந்து கூண்டு மாடலில் என் சுட்டுவிரல் நீளம்தான். அந்த இடம் முழுக்கத் தீ. அதற்குள் தவழ்ந்து போய்க் கோடரியாலும் வெறுங்கையாலும் போராடினார். போய்விடு என்று புரோஃபி சைகை காட்டினார். திரும்பக்கூட இடமில்லாமல் பின்னோக்கியே தவழ்ந்து வந்து, உடை எரிய விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். பாராசூட்டும் எரிந்தது. தீக்காயத்தில் இறந்தபோது வயது 27.

விமானம் தரையில் மோதியதில் புரோஃபி வெளியே வீசப்பட்டுப் பிழைத்தார். உள்ளே நடந்ததை உலகுக்குச் சொன்னவர் அவர்தான். 1946-ல் மைனார்ஸ்கிக்கு வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது.

நாளை விமானத்தின் அடையாளமான விஆர்-ஏ எழுத்துகள், சிவப்பில். பின்வாசலைத் திறந்தே விடுகிறேன்.