பாந்தர்ஸ் பாக்குறவனோட புலம்பல் டைரி

செப்டம்பர் 15, 2024
திரும்பவும் நம்ம பாந்தர்ஸுக்கு உதை. 26-3, அதுவும் இங்க சார்லட்ல சொந்த கிரவுண்டுல. (நம்மூர் கால்பந்து இல்லங்க, அமெரிக்கன் ஃபுட்பால், கையால எறியுறது.) நம்ம குவாட்டர்பேக் (பந்த எறியுறவன்) ப்ரைஸ் யங் மொத்த மேட்சுக்கும் எறிஞ்சது 84 யார்டு, கூட ஒரு இன்டர்செப்ஷன் (எதிராளி கைக்கே போன பந்து). யாரு ஃப்ரீயா நிக்கிறான்னு பாக்குறத விட்டுட்டு யாரு அடிக்க வர்றான்னுதான் பாக்குறான், கால் தன்னால பின்னாடி போகுது. ஆனா போன வாரம் 47-10ன்னு தோத்தோம், அந்த 47ஐ இவனா விட்டான், டிஃபென்ஸ் (தடுக்குற ஆளுங்க) தானே? கோச் கனாலஸ், ப்ரைஸ்தான் எங்க குவாட்டர்பேக்னு சொல்லிட்டாரு. பாப்போம்.

செப்டம்பர் 16
விடிஞ்சதும் பேச்சு மாறிடுச்சு. பையன் பெஞ்சுக்கு, பேக்கப் குவாட்டர்பேக், 36 வயசு ஆண்டி டால்டன் உள்ள. ரெண்டே மேட்ச்!! ப்ரைஸுக்காக 2023ல சிகாகோவுக்கு பந்து பிடிக்கிற டி.ஜே. மூரையும் தூக்கி குடுத்து, நாலு டிராஃப்ட் பிக்கும் (புது ஆளுங்கள தேர்ந்தெடுக்குற வாய்ப்பு) குடுத்தாங்க, அதுல ரெண்டு முதல் ரவுண்டு. எறியுறவன வாங்க பிடிக்கிறவன வித்த கதை. அந்த வருஷம் 2-15 (ரெண்டு வெற்றி, 15 தோல்வி), பாதியிலயே கோச்சயும் துரத்தியாச்சு. கனாலஸ எடுத்ததே இன்னொரு குவாட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட தேத்தினவரு, இவனையும் தேத்துவாருன்னுதான்.

செப்டம்பர் 22
டால்டன் 319 யார்டு, 3 டச்டவுன் (பந்த எல்லைக்கோடு தாண்டி கொண்டு போய் எடுக்குற ஸ்கோர்), ரெய்டர்ஸ 36-22ன்னு அடிச்சாச்சு. ஆபீஸ் குரூப்ல ஒரே கொண்டாட்டம், 'பாத்தியா, பையன்தான் பிரச்சனை'ன்னு. என்னால வாய தொறக்க முடியல.

அக்டோபர் 20
வரிசையா நாலாவது தோல்வி. வாஷிங்டன் 40-7. அவங்க ரூக்கி (முதல் வருஷ ஆள்) குவாட்டர்பேக் ஆரம்பத்துலயே விலா அடிபட்டு வெளிய போயிட்டான், பேக்கப் வந்தே 40க்கு கொண்டு போயிட்டான். இப்ப குரூப்ல சத்தமே காணோம்.

அக்டோபர் 23
டால்டன் குடும்பத்தோட போன கார் ஆக்சிடெண்ட்ல மாட்டிக்கிச்சு, நல்லவேளை பெருசா ஒண்ணும் இல்ல, எறியுற கை கட்டைவிரல்ல சுளுக்கு. அதனால டென்வர்ல ப்ரைஸ்தான் ஆடுவான். கோச்சா கூப்பிடல, அத ஞாபகம் வச்சுக்கணும்.

நவம்பர் 10
இங்க காலைல 9:30க்கே மேட்ச், ஆடுறது மியூனிக்ல. ஓவர்டைம்ல ஜயன்ட்ஸ 20-17. போன வாரம் செயின்ட்ஸ், இப்ப இது, ரெண்டு வாரம் சேந்தாப்ல ஜெயிச்சாச்சு. 'தோக்குற டீமுக்கு இவ்ளோ டென்ஷனா'ன்னு கேக்குற வீட்டம்மாவே கடைசில எட்டி பாத்தாங்க.

டிசம்பர் 8
ஈகிள்ஸ் கிட்ட 22-16. கடைசி நிமிஷத்துல கோல் லைன் பக்கம் ப்ரைஸ் எறிஞ்சது அருமையான பந்து, பந்து பிடிக்கிற நம்மாளு லெகெட் கைக்கே வந்துச்சு, விழும்போது நழுவிடுச்சு. சேனல்ல எல்லாம் 'பெஞ்ச்ல உக்காந்ததுல தெளிஞ்சுட்டான்'னு சொல்றாங்க. இருக்கலாம், வெளிய இருந்து பாத்தா பதட்டம் குறையும்தான். ஆனா டால்டன் விரல் நல்லா இருந்திருந்தா இன்னும் அங்கயேதான் உக்காந்திருப்பான், அத யாரும் பேச மாட்டேங்கிறாங்க.

ஜனவரி 5, 2025
அட்லாண்டால ஓவர்டைம், 44-38! ப்ரைஸ் எறிஞ்சது மூணு டச்டவுன், ஓடிப்போய் போட்டது ரெண்டு. சீசன் 5-12ல முடிஞ்சுது. நம்ம டிஃபென்ஸ் விட்ட மொத்த பாயிண்ட் 534, என்எஃப்எல்ல (இந்த ஃபுட்பால் லீக்) ஒரு சீசன்ல யாரும் இவ்ளோ விட்டதில்ல, 1981ல பால்டிமோர் கோல்ட்ஸ் 533தான். செப்டம்பர்ல பெஞ்சுக்கு போனது மட்டும் ப்ரைஸ். டிராஃப்ட்ல டிஃபென்ஸுக்கு ஆள் எடுங்கப்பா, குவாட்டர்பேக் பேச்சையே எடுக்காதீங்க.