நடுத்தெருவில் நிற்கும் மான்

சென்ற மாதம் என் அக்காள் மகன் தொலைபேசியில், "மாமா, அட்மாஸ்ஃபெரிக் பிளாக் மெட்டல்னு அடிக்கடி சொல்றீங்களே, முதல்ல எதைக் கேட்கணும்?" என்றான். மெட்டல் என்னும் கனத்த ராக் இசையின் ஒரு கிளை பிளாக் மெட்டல்; அதன் ஒரு வகையைத்தான் அவன் கேட்டான். ஐந்து ஆல்பங்களை எழுதி அனுப்பினேன். அந்தப் பட்டியலைப் பார்த்த என் நண்பர், முப்பது ஆண்டுகளாக மெட்டல் கேட்டு வருபவர், அவற்றில் இரண்டு பிளாக் மெட்டலே அல்ல என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் மருமகனுக்குச் சொல்ல வேண்டிய விளக்கமும் ஒன்றே என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

பிளாக் மெட்டலில் கித்தார் வாசிப்பவரின் வலக்கை ஒரே தந்தியை மேலும் கீழுமாக நொடிக்குப் பல முறை மீட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஈடாக டிரம்ஸ் பிளாஸ்ட் பீட் எனப்படும் இடைவிடாத அதிவேகத் தாளத்தில் ஓடுகிறது. ஆனால் இடக்கையைக் கவனித்தால், அது ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு மிக நிதானமாகத்தான் நகர்கிறது. தகரக் கூரையில் மழை பெய்யும்போது நாம் துளிகளை எண்ணுவதில்லை, ஒரே ஓசையாகத்தான் கேட்கிறோம் அல்லவா, அதுபோல இந்த வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் காதுக்கு வேகமாகப் படாமல் அசையாத ஒரு திரையாகப் படுகிறது. நார்வேயின் டார்க்த்ரோன் 1994இல் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்திலேயே இதைத் தெளிவாகக் கேட்கலாம். அந்தத் திரையைப் பத்து நிமிடம், பதினெட்டு நிமிடம் என நீட்டி, கீபோர்டையும் அகூஸ்டிக் கித்தாரையும் சேர்த்து, கேட்பவரை அதற்குள்ளேயே உட்கார வைப்பதுதான் அட்மாஸ்ஃபெரிக் பிளாக் மெட்டல். இங்கே ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கித்தார் வரி, பின்வாங்கி, ஓர் இடத்துக்குள் இருக்கும் உணர்வு முன்வருகிறது.

இனி, பெயர்ச் சண்டை. பிளாக் மெட்டல் என்ற பெயரே இங்கிலாந்தின் வெனம் குழு 1982இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பிலிருந்து வந்தது. அதை இன்று கேட்பவர்கள் மெட்டலின் வேறு கிளைகளான த்ராஷ் அல்லது ஸ்பீட் மெட்டல் வரிசையில்தான் வைப்பார்கள். எல்லையில் காவல் நிற்பவர்கள், பெயர் வைத்தவரையே முதலில் வெளியேற்ற வேண்டியிருக்கும்.

நண்பர் நிராகரித்த முதல் ஆல்பம், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரைச் சேர்ந்த அகல்லாக் 2002இல் வெளியிட்ட 'தி மேண்டில்'. அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதில் பாதிக்கு மேல் அகூஸ்டிக் கித்தாரும் நிதானமான தாளமுமாகப் போகிறது. ஆனாலும் அதைக் கேட்கும்போது பனியும் மரங்களும் தவிர வேறெதுவும் மனத்தில் எழுவதில்லை. இத்தனைக்கும் அதன் அட்டையில் இருக்கும் மான் காட்டு மான் அல்ல. போர்ட்லாந்தின் மையப் பகுதியில், வண்டிகள் இருபுறமும் விலகிச் செல்லும்படி நடுச்சாலையில் 1900ஆம் ஆண்டிலிருந்து நின்ற வெண்கலச் சிலை. 2020இன் போராட்டங்களின்போது பீடம் சேதமடைந்ததால் அதை அங்கிருந்து அகற்றினார்கள். நகரத்தில் நின்றபடி காட்டை நினைக்கும் இசைக்கு இதைவிடப் பொருத்தமான அட்டை அமையாது.

காஸ்கேட் மலைத்தொடரை ஒட்டிய அப்பகுதிக் குழுக்களின் இசையைக் காஸ்கேடியன் பிளாக் மெட்டல் என்று அழைப்பதும் உண்டு. நண்பர் இந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார். எனக்கோ இது பழகிய முறையாகவே படுகிறது. பாட்டுக்கு நிலத்தை வைத்துப் பெயரிடுவது நமக்குப் புதிதா என்ன? திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்று தொல்காப்பியம் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்: பாஞ்சோ என்னும் அமெரிக்க நாட்டுப்புறத் தந்திக் கருவியோ ஆர்மோனியமோ எதுவும் வந்து கலக்கட்டும், பாட்டு எந்த மண்ணில் நிற்கிறது என்பது தெரிந்தால் போதும்.

பாஞ்சோ என்றதும் நண்பர் நிராகரித்த இரண்டாவது ஆல்பத்துக்கு வந்துவிட்டோம். பனாப்டிகான் என்ற பெயரில் தனியொருவராக இசைக்கும் ஆஸ்டின் லன் 2012இல் வெளியிட்ட 'கென்டக்கி', அம்மாநில நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வரலாற்றைச் சொல்கிறது. பழைய வேலைநிறுத்தப் பாடல்களைப் பாஞ்சோவுடன் பாடிவிட்டு, அடுத்த பாட்டில் பிளாஸ்ட் பீட்டுக்குள் குதிக்கிறார். இரண்டும் ஒட்டவில்லை என்பது நண்பரின் குற்றச்சாட்டு. ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

சர்ச்சையில்லாத மூன்றில், உல்ஃப்ஸ் இன் த த்ரோன் ரூம் 2007இல் வெளியிட்ட 'டூ ஹன்டர்ஸ்' முதலில் வர வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியா நகருக்கு அருகே பண்ணையில் வாழ்ந்த இரு சகோதரர்களின் குழு அது; மொத்தம் நான்கே பாட்டுகள், கடைசிப் பாட்டு மட்டும் ஏறத்தாழ பதினெட்டு நிமிடம். பாடகி ஜெசிகா கென்னியின் குரல் வரும் இடங்களை ஹெட்ஃபோனில்தான் கேட்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் பேய்ஸாஜ் திவேர் 2020இல் வெளியிட்ட 'இம் வால்ட்' இரண்டு மணி நேரம் நீள்வது. ஒலிப்பதிவே பனிப்புயலுக்குள் நடந்ததுபோல் இரைவதால் முதலில் அதைத் தொட வேண்டாம்.

நார்வேயில் ஒருவர் தனியாக நடத்திய பர்ஸமின் 'ஃபிலோசொஃபெம்' (1996) ஏன் இல்லை என்று சிலர் கேட்பார்கள். இவ்வகையின் வேர்களில் ஒன்று அது என்பதை மறுக்க முடியாது. அதை இசைத்தவர் கொலைக்கும் தேவாலயங்களை எரித்ததற்கும் 1994இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர். இனவெறுப்பைத் தூண்டியதாக 2014இல் பிரான்ஸிலும் தண்டிக்கப்பட்டவர். வரலாறு எழுதினால் அவரைச் சேர்ப்பேன், பத்தொன்பது வயதுப் பையனுக்கு அனுப்பும் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

மருமகன் முதலில் கேட்டது ஐந்தாவதாக நான் எழுதியிருந்த, நார்வேக் குழுவான உல்வெரின் 'பெர்க்டாட்' (1995). மலைக்குள் மாயமாக இழுக்கப்படும் ஒரு பெண்ணின் நார்வேக் கதையை முப்பத்தைந்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கும் ஆல்பம் அது. மூன்றாம் பாட்டின் நடுவே எல்லா இரைச்சலும் நின்று, பியானோவோடு காட்டுத் தரையில் யாரோ ஓடும் காலடி ஓசை மட்டும் கேட்கும். "மாமா, நடுவுல ஒருத்தர் ஓடுறாங்களே, அவங்க தப்பிச்சாங்களா?" என்று இரவு பதினொன்றரை மணிக்குச் செய்தி அனுப்பியிருந்தான். நண்பரிடம் காட்டினேன். அது பிளாக் மெட்டல் அல்ல, ஃபோக் மெட்டல் என்றார்.