பின்னால அஞ்சு பேர்

ஞாயிறு காலைல வியாசர்பாடியில ஃபுட்பால் மேட்ச். எதிர் டீம் பசங்க எல்லாம் இருபது வயசு, காத்தா ஓடுறானுங்க. நமக்கு 38. அதனால 5-3-2 ஆடினோம்: பின்னால அஞ்சு பேர், நடுவுல மூணு, முன்னால ரெண்டு. வெளிய நின்ன அண்ணன் ஒருத்தர், "இன்னா நைனா, பயந்துட்டியா?"ன்னார்.

பயமும்தான். ஆனா இதுல கணக்கு இருக்கு. பந்து அவங்ககிட்ட இருக்கும்போது அஞ்சு பேர் நம்ம கோலுக்கு முன்னால இருக்கிற பாக்ஸ் ஓரமா ஒரே கோட்டுல நிப்போம், அதுக்கு முன்னால நடு ஆளுங்க மூணு பேர். ரெண்டு வரிசைக்கும் நடுவுல எவனும் பந்தை வாங்கித் திரும்ப இடம் இருக்கக் கூடாது. ஓரத்தை விட்டுக்கொடுக்கலாம்; அங்கேருந்து க்ராஸ் தூக்கி அடிச்சா, நடுவுல நிக்கிற ஸ்டாப்பர் தலை பாத்துக்கும்.

பந்தைப் பறிச்ச நொடிதான் விஷயமே. கோல் போடுற ஆசையில அவங்க டிஃபென்ஸ் மேல ஏறி வந்திருக்கும், பின்னால மைதானமே காலி. முதல் பாஸ் அங்கதான் போகணும். இதுதான் கவுன்ட்டர். 2015-16ல லெஸ்டர் டீம் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஜெயிச்சது இப்படித்தான், 4-4-2ல. நடுவுல கான்டே பறிப்பான், முன்னால வார்டி ஓடுவான். வார்டிக்கு லீக்ல மட்டும் 24 கோல்.

இதுல செத்தவன் விங் பேக், அதாவது பின்னால அஞ்சு பேர்ல ரெண்டு ஓரத்துலயும் நிக்கிறவன். ஓடி ஏறணும், ஓடி இறங்கணும். லெஃப்ட்ல நான். மூணு தடவை ஏறினேன், நாலாவதுக்கு இடுப்புல கை வெச்சு நின்னுட்டேன். அந்தப் பக்கமாத்தான் கோல் வாங்கினோம்.

1-1. நம்ம கோல் கவுன்ட்டர்லதான் விழுந்துச்சு.