பேசக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க

மே 18
வேலூர் காந்தி ரோட்ல ரூம் கிடைச்சுது. ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. கீழ போர்டெல்லாம் பெங்காலில கீது, ஆரணில இருந்து வந்த நாங்கதான் இங்க வெளியூர்காரங்க. அம்மாவுக்கு எழுதி காட்ட நாப்பது பக்க நோட்டு ஒண்ணு, ரெண்டு பேனா.

மே 19
வெயில். தாங்கல.

மே 20
காலைல 5 மணிக்கே ஆஸ்பத்திரி போய் டோக்கன் போட்டும் மதியம் ஆயிடுச்சு. போன்ல அம்மாவுக்கு தில்லானா மோகனாம்பாள்ல மனோரமா ஆச்சி நடிச்ச ஜில் ஜில் ரமாமணி சீன் போட்டு காட்டுனேன், சத்தமில்லாம குலுங்கி குலுங்கி சிரிச்சிச்சு. அந்தப் படம் வந்த அதே 1968லதான் பொம்மலாட்டம் படத்துல மெட்ராஸ் பாஷை பாட்டும் ஆச்சி பாடுனது. பள்ளத்தூர்ல வளந்தவங்க நம்ம பக்கத்து பேச்ச எப்டி புடிச்சாங்கன்னு கேட்டேன். "நாடகக்காரிக்கு காதுதான்டி மூலதனம்"னு எழுதி காட்டிச்சு. அப்புறம் தொண்டைய தொட்டுப் பாத்துக்கிச்சு. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

மே 21
குடம் ஞாபகம் வருது.

மே 23
தூக்கம் வரல. அப்பல்லாம் ஊர் பசங்க போடற நாடகத்துக்கு ஹீரோயின் மட்டும் வெளிய இருந்து வரணும், அது எங்கம்மா. ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சா விடியற வரைக்கும் ஓடும், மேடை நடுவுல ஒரே ஒரு மைக் தொங்கும், பசங்க எல்லாம் வசனம் பேச அதுக்கு கீழ ஓடி வருவானுங்க, அம்மா மட்டும் எந்த மூலைல நின்னு பேசினாலும் கடைசி பாய்ல படுத்துனு கீறவன் எழுந்து உக்காருவான். அந்த தொண்டைலதான் இப்ப குழாய் உட்டு சதை எடுத்துகினு போயிருக்காங்க. ஒரு ஊர்ல பரிசா எவர்சில்வர் குடம் குடுத்தாங்க, பேர்ல ஒரு எழுத்து தப்பா வெட்டி. இன்னும் அதுலதான் தண்ணி புடிக்கிறோம்.

மே 24
சண்டை. ஆச்சி தேசிய விருது வாங்கினாங்களே, புதிய பாதை படத்துக்கு, 1989னு சும்மா சொன்னேன். "துணை நடிகை விருது"ன்னு எழுதி துணைக்கு கீழ ரெண்டு கோடு போட்டுச்சு. 12 வயசுல மேடை ஏறினவங்க, 1963ல கொஞ்சும் குமரில ஹீரோயின், ஆயிரம் படத்துக்கு மேல, அஞ்சு முதலமைச்சருங்க கூட நடிச்சாச்சு, இன்னும் துணையான்னு கோவம். ஆச்சிக்காகவா தனக்காகவான்னு தெரியல. எங்கம்மா ஹீரோயினாவே நடிச்சு முப்பது வயசுல நின்னுபோச்சு. ராத்திரி இட்லி வேணாம்னுடுச்சு.

மே 26
இன்னைக்கு ஆச்சி பொறந்தநாள். ஆற்காடு மக்கன் பேடா வாங்கியாந்தேன், முழுங்க முடியல, பாகு மட்டும் நக்கிச்சு.

மே 27
ரிப்போர்ட் வரல.

மே 28
டோக்கன் 61. இப்ப 48 ஓடுது. நோட்டு தீந்துபோச்சு, அட்டைல எழுதினு கீது. "அந்த குடத்த யாருக்கும் குடுத்துடாத, அந்த எழுத்த சரி பண்ணி"

கூப்டறாங்க, நம்பர் மாத்தி